வெள்ளைச்சட்டைக்கு இரண்டு மூக்கு

ஜனவரி 9

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் முகவரியைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். இதுவரைக்கும் படித்துவிட்டாய். இனிமேல் கிழித்துப் போட்டாலும் மீதி என்ன எழுதியிருந்தேன் என்ற அரிப்பு உன்னைச் சும்மா விடாது. உன்னை எனக்குத் தெரியாதா?

நலமா என்று கேட்கவில்லை. அண்ணியிடம் வாரம் தவறாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், கோபம்தான் இல்லையாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'வெள்ளைச்சட்டை' திரும்ப வருகிறது. நீ செய்த அதே வெள்ளைச்சட்டை. ஒரு காலத்தில் ஆபீஸ் போகிற ஆண்கள் அத்தனை பேர் கழுத்திலும் இருந்த உன் எலுமிச்சை வாசனை. கம்பெனி நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் கடைகளில் கேட்கிறார்கள். காலிப் பாட்டிலை அவ்வப்போது மோந்து பார்ப்பதற்கென்றே பீரோவில் வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதை மறுபடி செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாசனைக்கூடத்துக்குத் தலைமை இப்போது நான்தான். நீ உட்கார்ந்த நாற்காலி. ஒரு கால் இன்னும் ஆடுகிறது.

பழைய சேர்மானத்தை அப்படியே செய்ய முடியாது. பெர்கமாட் என்கிற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப்போகும் என்று விதி வந்துவிட்டது. நீ அள்ளிப் போட்ட மரப்பாசிக்கு வரம்பு. செயற்கைக் கஸ்தூரித் தூளுக்குத் தடையே. ஆகவே தோலைக் கெடுக்காத பெர்கமாட், பாசிக்குப் பதில் வேறு இரண்டு சரக்கு, தூளை எடுத்துவிட்டு வாசனையைப் பிடித்து நிறுத்த வேறொன்று என்று மாற்றிச் செய்து முடித்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். குளிர் அறையில் ஒளித்து வைத்திருந்த உன் பழைய பாட்டிலையும் என் புதியதையும் மாற்றி மாற்றி மோந்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஒரு தொல்லை. எங்கள் விற்பனைத் தலைவர். வருஷம் பூராவும் ஜலதோஷம் பிடித்த மனிதர், கூடத்தில் அவருக்குத் தும்மல் என்றே பெயர். அந்தத் தும்மல் நான் சென்ட்டில் தோய்த்துக் கொடுத்த தாள் பட்டையை மோந்துவிட்டு, "நல்லா இருக்குங்க மேடம். ஆனா ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு" என்கிறார். மேலிடத்திலும் போய் அதையே ஓதியிருக்கிறார். மார்ச் மாதக் கூட்டத்தில் இது தேறவில்லையென்றால் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் எலுமிச்சை மிட்டாய் ஒன்றைச் செய்து, அதன் முதுகில் உன் கையெழுத்தை ஒட்டி விற்பார்கள். பாட்டிலின் பின்பக்கம் அச்சாகியிருப்பது உன் கையெழுத்து, நினைவிருக்கட்டும்.

நீ மோந்துவிட்டு 'இதுதான்' என்று ஒரு வரி எழுதிக் கொடு. செய்தவனே சொன்ன பிறகு தும்மல் என்ன சொல்லும்?

உன் தங்கை
(நீ இல்லையென்று சொன்னாலும்)

ஜனவரி 17

தலைமை வாசனையாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தட்டச்சு முகவரியைப் பார்த்து மின்சாரக் கட்டணம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்த பாவத்துக்குப் பதில்.

வெள்ளைச்சட்டையைக் கொன்றது யார்? விதி வந்ததும் முதலாளி கூட்டம் போட்டார். மாற்றிச் செய்வதா, நிறுத்துவதா என்று கேட்டார். மாற்றிச் செய்ய ஆறு மாதம் கொடுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் கூடப்பிறந்தவள், "நிறுத்திடுங்க சார்" என்றாள். இரண்டே சொல். லிஃப்ட் வாசலில் வைத்து, நீ எனக்குத் தங்கச்சியே இல்லை என்று சொன்னேன். அதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை. அன்றைக்குக் கழுத்தை நெரித்தவளே இன்றைக்கு வாயில் காற்று ஊதுகிறாள். கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது.

நான் இப்போது பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கு எலுமிச்சை வாசனை சேர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். கௌரவமான வேலை. எந்தக் கூட்டத்திலும் எந்தத் தங்கையும் குறுக்கே பேசுவதில்லை.

ஆனாலும் தொழில் தொழில். உன் கடிதத்தில் ஒன்றைப் பார்த்தேன். கஸ்தூரித் தூளை எடுத்ததற்கு நீ வருத்தப்படுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். வேண்டாம். அதற்கு வாசனையே கிடையாது. விற்றவன் என்னமோ அமிர்தம் மாதிரிப் பேசினான். வந்த சரக்கில் சுண்ணாம்புப் பொடிக்கு இருக்கும் மணம்கூட இல்லை. எலுமிச்சை சீக்கிரம் பறந்துபோகும், அதை மாட்டி வைக்க ஓர் ஆணி வேண்டும் என்பதற்காகப் போட்டேன். சரக்கு மட்டம் என்பதால் கை தாராளமாகப் போட்டேன். ஆணியை மாற்றியதால் சட்டை மாறிவிடாது.

தும்மலோ இருமலோ, அது உன் பாடு.

இப்படிக்கு,
சோப்புக்காரன்

ஜனவரி 25

சோப்புக்கார அண்ணாவுக்கு,

நாடே உன் எலுமிச்சையில்தான் பாத்திரம் கழுவுகிறது. என் வீட்டிலும் அதுதான். ஒவ்வொரு தட்டுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே கழுவுகிறேன்.

"நிறுத்திடுங்க" என்று சொன்னேன். சொன்னதை மறுக்கவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த சரக்கை வைத்து ஆறு மாதத்தில் செய்திருந்தால் தரை துடைக்கிற திரவம்தான் வந்திருக்கும். அதற்கும் உன் கையெழுத்தைப் போட்டிருப்பார்கள். நொண்டியாக நடமாட விடுவதைவிட நல்ல பெயரோடு போகட்டும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல நீ இடம் கொடுக்கவில்லை. லிஃப்டின் கதவு மூடிவிட்டது. அம்மா போன அன்றைக்கும் நீ வீட்டுக் கூடத்தின் அந்த மூலை, நான் இந்த மூலை.

அம்மா என்றதும் ஒன்று. போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்தேன். மேடம் உங்களுக்கு இந்த மூக்கு எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். நம் பவுடர் டப்பா கதையைச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவின் மேஜை மேல் அந்த வட்டத் தகர டப்பா, உள்ளே வெள்ளைப் பஞ்சு. இரண்டு பேரும் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, பாவம் அம்மா, வாசனையே இல்லாத பவுடரைக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று எலுமிச்சைத் தோலைத் துருவி உள்ளே போட்டுக் குலுக்கி வைத்தோமே. அம்மா நம் இரண்டு பேர் முதுகிலும் வைத்த வைப்பு. "மூக்கு இருந்தும் இல்லாத ஜென்மங்களா" என்று. அந்த ஜென்மங்கள்தான் பின்னால் மூக்கை வைத்தே சோறு தின்றன. உன் முதல் எலுமிச்சைக் கலவை அதுதான் என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன்.

இத்துடன் இரண்டு குப்பி வைத்திருக்கிறேன். ஒன்றில் 'அ', ஒன்றில் 'ஆ'. ஒன்று உன் பழைய பாட்டிலிலிருந்து எடுத்தது, ஒன்று என்னுடையது. எது எது என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடி. கண்டுபிடித்தால் வேலையை நானே வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு விலகுகிறேன். முடியவில்லையென்றால் அந்த ஒரு வரியை எழுதித் தா.

பயமாக இருந்தால் குப்பியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

வாயாடி

பிப்ரவரி 6

வாயாடிக்கு,

பயமா? எனக்கா?

குப்பிகளை வைத்துக்கொண்டு எட்டு நாள் போராடினேன். வெறும் வயிற்றில் தாள் பட்டையில் மோந்தேன். இடது கையில் 'அ', வலது கையில் 'ஆ' தடவிக்கொண்டு மார்க்கெட் போய் வந்தேன். கைக்குட்டை இரண்டில் விட்டு மறுநாள் மோந்தேன். சோப்புத் தொழிற்சாலையில் மூக்கு கெட்டுப்போயிருக்குமோ என்று இரண்டு நாள் லீவு போட்டுவிட்டும் மோந்தேன்.

எலுமிச்சை அதே கூர்மை. நாரத்தை இலையின் கசப்பு அதே இடத்தில் வந்து அதே இடத்தில் நிற்கிறது. பாசிக்குப் பதில் நீ என்ன போட்டாய் என்று தெரியவில்லை, ஆனால் கீழே அந்த ஈர மரம் இருக்கிறது. குறை கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உனக்கே தெரியும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. கோபமாக வருகிறது.

தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'இரண்டும் ஒன்றே. இதுதான் வெள்ளைச்சட்டை.' தும்மலின் மூக்கு மேலேயே ஒட்டு. நம் இரண்டு பேர் மூக்குக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்று உலகத்தில் இருக்க முடியாது. மற்றவர்கள் மூக்கு மூச்சு விட மட்டும்தான்.

நிறுத்தச் சொன்னதற்கு நீ எழுதிய காரணத்தையும் படித்தேன். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

அண்ணன்
(வேறு சொல் கிடைக்கவில்லை)

பிப்ரவரி 14

அண்ணா,

'அண்ணன்' என்று போட்டிருக்கிறாய். அந்தத் துண்டை மட்டும் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். இனி நீ என்ன கத்தினாலும் செல்லாது.

உன் தாளை அறையில் எல்லார் முன்னாலும் படித்தேன். கை தட்டினார்கள். தும்மலும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, "அப்ப எல்லாரையும் ஒரு தடவ மோந்து பார்க்கச் சொல்லலாமா மேடம்?" என்றார். தாராளமாக என்று நானே பட்டைகளைத் தோய்த்துக் கொடுத்தேன். பெயர் எழுதாமல்தான். கணக்குப் பிரிவு, வண்டி ஓட்டுகிறவர், வரவேற்பில் உட்காருகிறவள், ஒருவர் பாக்கி இல்லை.

என்ன நடந்தது தெரியுமா? என்னைத் தவிர அத்தனை பேரும் என்னுடையதைச் சரியாகப் பொறுக்கி எடுத்து, இதில் ஏதோ குறைகிறது என்றார்கள். என்ன குறைகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கணக்குக்காரர் வெறுமை என்றார். வரவேற்புப் பெண், "அதுல அப்பா ஆபீஸ்ல இருந்து வர்ற மாதிரி இருக்கு மேடம். இதுல அப்பா வரலை" என்றாள். அதையெல்லாம் ஒரு குறையென்று நான் எங்கே போய்த் திருத்துவது?

தும்மல் முதலிலேயே இவர்களுக்கெல்லாம் ஓதிவிட்டிருப்பார் என்று நினைத்தேன். பட்டையில் அடையாளம் வைத்தார்களோ என்று திருப்பிப் பார்த்தேன். சண்டை போட்டேன். வெளியே வந்த பிறகு மறுபடி இரண்டையும் மோந்தேன். ஒன்றேதான் அண்ணா. என் கண் முன்னால் இருக்கிற இரண்டு விரலைப் பார்த்து ஊரே மூன்று என்கிறது.

கூட்டம் நெருங்குகிறது. நான் தளர்ந்துவிடவில்லை. ஆனால் எதை எதிர்த்துச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

வாயாடி

பிப்ரவரி 22

குட்டி,

உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கூமுட்டைகள் என்று உன் கம்பெனி ஆட்களைத் திட்டிக்கொண்டு குப்பிகளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். உன் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது ஒரு குப்பியின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை நாளாக இந்தப் போட்டியைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தொழில் விஷயம், இவளுக்கென்ன தெரியும் என்ற எண்ணம்தான்.

"இது எங்க கிடைச்சுது? இது நீங்கதானே" என்றாள்.

அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். மோந்துவிட்டு அசட்டையாகத் திருப்பிக் கொடுத்தாள். "இது வெறும் எலுமிச்சம்பழம்" என்றாள்.

நான் விடுவேனா? கண்ணை மூடச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தேன், ஒன்றையே அடுத்தடுத்துக் கொடுத்தேன், அடுத்த அறையில் போய் என் கழுத்தில் தடவிக்கொண்டு வந்து நின்றேன். எதிலும் ஏமாறவில்லை. முதல் மூச்சிலேயே சொல்கிறாள். "இதுல நீங்க இருக்கீங்க. அதுல நீங்க இல்லை. இதுக்கு என்ன பரீட்சை?" என்று கடைசியில் எரிந்து விழுந்தாள்.

அந்த 'நீங்க' எப்படி இருக்கும் என்று கேட்டேன். யோசித்தாள். இஸ்திரி போட்ட துணியின் சூடு, தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை, கொஞ்சம் பவுடர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கம்மா வாசனை. கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னேனே, உங்க சென்ட்டுல உங்கம்மா வாசனை வருதுன்னு. நீங்கதான் எங்கம்மாவுக்கு வாசனையே கிடையாது, என்ன உளர்றேன்னீங்க."

அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது குட்டி. புது மருமகள் மாமியாரைப் புகழ்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தூளைப் பார். வேறு எதையும் பார்க்காதே, அந்தக் கஸ்தூரித் தூளைப் பார்.

அண்ணன்

மார்ச் 1

அண்ணா,

பார்த்துவிட்டேன்.

பழைய சரக்கு அறையில் பூட்டி வைத்திருந்த தூள் ஜாடியைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டேன். கண்ணாடி வாசனை, மூடியின் ரப்பர் வாசனை, அவ்வளவுதான். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. பிறகு தும்மலைக் கூப்பிட்டேன். ஜாடி இருந்த மேஜைக்கு நாலடி தள்ளி வரும்போதே நின்றுவிட்டார். "இதாங்க மேடம். இதைத்தான் சொன்னேன்" என்றார். அடைத்த மூக்கோடு சொன்னார்.

ஒவ்வொரு மூக்கிலும் ஏதாவது ஓர் ஓட்டை இருக்கும், ஒரு சில வாசனை மட்டும் உள்ளே ஏறாது, முதலில் உங்கள் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள் என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் நான்தான் பாடம் நடத்துகிறேன். பல பேருக்குக் கஸ்தூரி வகையில்தான் அது இருக்கும் என்றும் சொல்லிக் கொடுக்கிறேன். என்னுடையதை நான் தேடியதே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு மூக்கே தெரியவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் ஒரே இடத்தில் ஓட்டை. நீ மணமில்லை என்று கை தாராளமாகப் போட்டாய், நான் மணமில்லை என்று தூக்கி எறிந்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூக்குக்கு ஒருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டோம்.

பவுடர் டப்பா இப்போது புரிகிறதா? அது மட்டமான பவுடர் இல்லை அண்ணா. அந்தக் காலத்துப் பவுடர்களில் இதே தூள்தான் இருக்கும். வீடு முழுக்க அம்மா மணந்திருக்கிறாள். வந்தவர் போனவர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் தெரியவில்லை. நாம் அதற்குள் எலுமிச்சைத் தோலைப் போட்டோம், அம்மா நம்மை அடித்துவிட்டு அதையேதான் தீருமட்டும் பூசிக்கொண்டாள். எலுமிச்சையும் அந்தத் தூளும். நீ பின்னாளில் செய்து பேர் வாங்கியது அதைத்தான்.

சரக்கு அறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அம்மாவின் வாசனை கையில் ஒரு ஜாடி நிறைய இருந்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போய்க் கூட்டத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தேன். காரணம் கேட்டார்கள். மூக்கு வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

இனி கேள். தடை செய்த தூளைத் திரும்பப் போட முடியாது. அனுமதித்த கஸ்தூரி வகைகள் நிறைய உண்டு. அவற்றில் எதுவோ ஒன்று, அல்லது சிலது சேர்ந்து, அந்த 'நீங்க'வைக் கொண்டுவரும். எது என்று எனக்குத் தெரியவே போவதில்லை. எனக்கு மோந்து தெரிகிறவை வேறு மாதிரியானவை. தெரியாதவையெல்லாம் எனக்கு ஒரே காகிதம். தும்மலை நம்பலாம், ஆனால் தும்மிவிடுவார். எனக்கு உன்னை முப்பது வருஷமாக மோந்து பழகிய மூக்கு வேண்டும்.

அண்ணியை அனுப்பு.

குட்டி

மார்ச் 8

குட்டி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சில நாள் வேலைக்குப் போனேன். எலுமிச்சை மன்னன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். விருது வாங்கினேன். கடையில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, சார் உங்க சென்ட் இல்லாம வெளிய போறதில்லை என்பார்கள். எலுமிச்சைக்காகத்தான் சொல்கிறார்கள் என்று நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். அவர்கள் கொண்டாடியது நான் ஒரு தடவைகூட மோந்திராத ஒன்றை. சோப்பு போடுகிற அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் செய்ததா, தானாக நடந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "யாருக்குத்தான் தன் வாசனை தெரியும்? பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?" என்று கேட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கும் பசித்தது.

நீ கேட்டதற்கு அவள் சம்மதம். நிபந்தனை உண்டு. சம்பளம் பேச வேண்டும். அறையில் எவரும் அவசரப்படுத்தக் கூடாது. தும்மல் அவர்கள் கைக்குட்டையோடு வர வேண்டும். நான் பெட்டி தூக்கிக்கொண்டு கூட வரலாம், கருத்துச் சொல்லக் கூடாது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் போதுமாம். வாசனை மன்னன் கடைசியில் தாள் பட்டை ஆனேன்.

நீ யோசிக்கச் சொல்லாத ஒன்றை யோசித்து முடித்தேன். அன்றைக்கு ஆறு மாதம் கொடுத்திருந்தால் முதல் நாளே தூளைத்தான் எடுத்திருப்பேன். பிறகு நன்றாக வந்துவிட்டது என்று நானே சத்தியம் செய்து கொடுத்திருப்பேன். ஜனங்கள் வாங்கி மோந்துவிட்டு, ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, கை போய்விட்டது என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு ஏன் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. நிறுத்தச் சொன்னாய், நல்லதாகப் போயிற்று. லிஃப்ட் வாசலில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பெட்டியில் 'அதே பழைய வாசனை' என்று அச்சடிக்கப் போவதாக உன் அண்ணி சொன்னாள். அடிக்காதே. அதை உறுதி சொல்ல நம் இரண்டு பேருக்குமே யோக்கியதை இல்லை.

வருகிற ஞாயிறு ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்து நின்று அழுது தொலைக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

நீதான் ஸ்டேஷனில் அழுதாய். எழுத்தில் இருக்கட்டும்.

நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடம் வெறிச்சென்று இருக்கிறது. அண்ணி உட்கார்ந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. தினமும் வரிசையாக வைத்த பட்டைகளை எடுத்து, "இது யாரோ", "இது உங்க பெரியப்பா", "இது ஆஸ்பத்திரி" என்று தள்ளிக்கொண்டே போனாரே, அதை அப்படியே எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது எந்தக் கலவை சரியில்லையென்றாலும் 'பெரியப்பா' என்கிறார்கள். கடைசி நாளில் உன் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தவர் கண்ணை மூடி மோந்துவிட்டு, "ம், இவர்தான். எழுதிக்கோ" என்றார். எனக்கு அந்தப் பட்டைக்கும் முந்தைய பட்டைக்கும் ஒரு நூல் வித்தியாசம்கூடத் தெரியவில்லை. எழுதிக்கொண்டேன். என் வேலையில் எனக்குத் தெரியாத ஒன்றின் கீழே கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை.

கூட்டம் நேற்று நடந்தது. பழையதையும் புதியதையும் சுற்றுக்கு விட்டோம். இந்தத் தடவை ஆட்கள் மாறி மாறிச் சொன்னார்கள். பாதிப் பேர் புதியதைப் பழையது என்றார்கள். வரவேற்புப் பெண் மோந்துவிட்டு, அப்பா வந்துட்டார் மேடம் என்றாள். தும்மல் பட்டையைக் கீழே வைக்கவே இல்லை, வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார். தேறிவிட்டது அண்ணா. வெள்ளைச்சட்டை வருகிறது. வெளிக் கம்பெனிக்காரர்கள் மிட்டாயை வேறெங்காவது விற்கட்டும்.

நீ சொன்னபடி பெட்டியில் 'அதே' என்ற சொல் இல்லை. பின்பக்கம் உன் கையெழுத்து இருக்கிறது. அண்ணியுடையதையும் போடலாம் என்று மேலிடமே சொன்னது. ஃபோனில் கேட்டேன். "சம்பளம் வந்துடுச்சு, அது போதும்" என்றார்.

அச்சான முதல் பாட்டிலை இத்துடன் அனுப்புகிறேன். எனக்கு எலுமிச்சை வந்தது. நன்றாகவே வந்தது. மற்றதை நீ விசாரித்து எழுது.

குட்டி

ஏப்ரல் 29

குட்டி,

பாட்டில் உடையாமல் வந்தது. கட்டியவருக்கு நன்றி சொல்.

காலையில் குளித்துவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழைய நாட்களில் செய்கிற மாதிரி கழுத்தில் இரண்டு பக்கமும் காலருக்கு உள்ளேயும் விட்டுக்கொண்டேன். எலுமிச்சை வந்தது. இலையின் கசப்பு வந்தது. கீழே ஈர மரம். அதற்குப் பின்னால் எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் காலரை இழுத்து மூக்கில் வைத்துக் காத்திருந்தேன். அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள், எனக்குத் திறக்காது. பரவாயில்லை என்று இருந்தது. உண்மையாகவே பரவாயில்லை.

சமையலறைக்குப் போனேன். உன் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், என் சோப்பு எலுமிச்சையில்தான். இதற்கு நடுவில் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று எனக்குச் சந்தேகம். திரும்பாமலே கையைத் துடைத்தாள். பிறகு திரும்பி வந்து காலரில் முகத்தை வைத்தாள். சீக்கிரம் எடுப்பாள் என்று பார்த்தேன், எடுக்கவில்லை.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கீங்க" என்றாள்.

அண்ணன்